வசைச் சொல்லுக்குச் சட்டத்தில் என்ன விலை?

“திருட்டு முண்டம்! உன் பேரை வெட்டியாச்சு. சாமானைத் தூக்கிக்கொண்டு வெளியே போ!”

பெரட்டுக் களத்தில், விடிவதற்கு முன், நாற்பது பேர் பார்த்துக்கொண்டு நிற்க, இருபது வருஷத்துக்கு மேல் ஒரே தோட்டத்தில் மரம் சீவிய ஒரு பெண்மணியை நோக்கி வீசப்பட்ட சொற்கள் இவை. அச்சில் ஏற்றக் கூடியவற்றை மட்டும் எழுதியிருக்கிறோம். மீதியை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதற்கு அகராதி வேண்டியதில்லை.

தோழர்களே, இப்படிப்பட்ட சொற்களைக் கேட்டு வேலையிழந்த ஒரு தொழிலாளி, நியாயம் கேட்டுச் சட்டத்தின் வாசலுக்குப் போனால் அவருக்கு என்ன கிடைக்கும்? பதிலைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேலை நீக்க வழக்கில், ஏசிய ஏச்சுக்கென்று தனியே ஒரு காசும் கிடைக்காது. வேலை போனதற்குக் கிடைக்கும். அதுவும் 60 நாளுக்குள் கேட்டால்தான் கிடைக்கும். ஏச்சு வேறு, வேலை வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல், மானம் போயிற்றே என்று குமுறிக்கொண்டே நாளைக் கடத்தி, கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டாமல் செய்துகொண்ட குடும்பங்களை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். மேலே சொன்ன அம்மாவின் குடும்பமும் அவற்றில் ஒன்று.

அது குளுவாங் வட்டாரத்துத் தோட்டம். பெயர் வேண்டாம். மழைக் காலம். இரண்டு நாள் தொடர்ந்து அந்த அம்மாவின் பால், ஸ்டோரில் மெட்ரோலாக் வைத்துப் பார்த்தபோது இறங்கிக் காட்டியது. இரவு மழை பெய்து மங்கில் தண்ணீர் தேங்கினால் பால் நீர்த்துப் போகும் என்பது மரம் சீவுகிற சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நிர்வாகியோ அவர் வாளியில் தண்ணீர் ஊற்றிக் கலந்தார் என்று முடிவு கட்டிவிட்டார். விசாரணை இல்லை. விளக்கம் கேட்டுக் கடிதம் இல்லை. மறுநாள் பெரட்டில் ஏச்சு, அன்று மத்தியானமே மலாயில் இரண்டு வரிக் கடிதம். ‘சாலா லாக்கு’, அதாவது தவறான நடத்தை, காரணமாக உடனடியாக வேலையிலிருந்து நீக்கப்படுகிறார் என்று கண்டிருந்தது.

அந்தக் கடிதத்தைக் கணினியில் அடித்துக் கொடுத்தவர் அந்தத் தோட்டத்துக் கிராணி. அதாவது நாமே. சொன்னதை அடித்தோம், கையெழுத்துக்கு வைத்தோம், உறையில் போட்டோம். அம்மா வந்து வாங்கிக்கொண்டு போனார். அந்த நேரத்தில் நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். நமக்கும் பிள்ளை குட்டி உண்டே என்ற பயம்தான் வாயை அடைத்தது. அன்று நாம் சங்கத்தில் உறுப்பினர், பொறுப்பில் இல்லை. அது ஒரு சமாதானம் ஆகாது என்பதை அறிந்தே எழுதுகிறோம்.

அந்த அம்மா கடிதத்தைப் பெரிதாக எண்ணவில்லை. மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். அவர் நெஞ்சில் தைத்தது ‘திருடி’ என்ற சொல். மாரியம்மன் சந்நிதியில் நின்று, “நான் கலந்திருந்தால் என் குடும்பம் விளங்காமல் போகட்டும்” என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார். சொன்னவரும் வந்து அதே சூடத்தை அணைக்க வேண்டும் என்றார். கணவரும் தம்பிமாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கோவில் தலைவர் தூது போனார். நிர்வாகி வருத்தம் தெரிவிப்பார் என்று ஒரு பேச்சு. தைப்பூசம் கழியட்டும் என்று இன்னொரு பேச்சு. கடைசியில் வருத்தமும் வரவில்லை, சூடமும் ஏற்றப்படவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்த பிறகுதான் அவர் நம்மிடம் வந்தார். அன்று 71-ஆம் நாள். நாம் அடித்த கடிதத்தை நம்மிடமே நீட்டினார். “தம்பி, இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?” என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நம்மிடம் பதில் இல்லை.

சரி, ஏச்சுக்கு ஏன் விலை இல்லை? இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? சற்றுத் தூரம் போய்ப் பார்க்க வேண்டும்.

கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்கு ஆடிஸ் என்று ஒரு வெள்ளைக்கார மேனேஜர் இருந்தார். வாரம் 15 பவுன் சம்பளம், அதற்கு மேல் கமிஷன். நீக்குவதானால் ஆறு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். 1905-இல் கம்பெனி நோட்டீஸ் கொடுத்தது. கொடுத்த கையோடு அவர் இடத்தில் இன்னொருவரையும் உட்கார வைத்து, இவரை வேலை செய்ய விடாமல் ஆக்கிவிட்டது. ஊரறிய அவமானம். அவர் இங்கிலாந்து திரும்பி வழக்குப் போட்டார். ஜூரிமார் மனம் இரங்கி 600 பவுன் கொடுக்கச் சொன்னார்கள். வழக்கு மேலே மேலே போய், 1909-இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. நோட்டீஸ் காலத்துச் சம்பளமும் கமிஷனும் உண்டு. வேலையை விட்டு நீக்கிய விதம் கொடூரமாக இருந்தது என்பதற்காகவோ மனம் புண்பட்டது என்பதற்காகவோ கூடுதலாக ஒன்றும் இல்லை என்பது அதன் சாரம். நீதிபதிகளில் ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

துரைக்கே இந்தக் கதி என்றால் கூலிக்காரன் கதி என்ன? ஆங்கிலேயரின் வழக்குச் சட்டம் நம் நாட்டில் எந்த அளவு செல்லும் என்பதை 1956-ஆம் ஆண்டின் சிவில் சட்டம் வகுத்தது. தீபகற்பத்துக்கு 1956 ஏப்ரல் 7-ஆம் தேதி வரை இருந்த ஆங்கிலச் சட்டம் என்று அது நாள் குறித்தது. அந்த மூட்டையில் 1909-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் சேர்ந்து வந்தது.

கனடா நாட்டார் இதைவிடச் சற்று இரக்கம் காட்டினார்கள். அங்கே வாலஸ் என்ற விற்பனையாளர், 14 ஆண்டு உழைத்து முன்னணியில் நின்றவர், 1986-இல் காரணம் சொல்லாமல் தூக்கி எறியப்பட்டார். 1997-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒரு தொழிலாளி மிகவும் பலவீனமாக நிற்கும் நேரம் அவன் வேலையிலிருந்து நீக்கப்படும் நேரம்தான், அந்த நேரத்தில் முதலாளி நேர்மையோடு நடந்துகொள்ள வேண்டும் என்ற கருத்தில் தீர்ப்பளித்து, அவருக்கு 24 மாத நோட்டீஸ் சம்பளத்தை உறுதி செய்தது. 2008-இல் இன்னொரு வழக்கில், நோட்டீஸைக் கூட்டித் தரும் முறையை மாற்றி, உண்மையில் நேர்ந்த மனத் துன்பத்தைக் காட்டி நட்ட ஈடு பெறும் முறையை அங்கே கொண்டுவந்தார்கள். ஆகவே, ‘சொல்லுக்கு விலை போட முடியாது’ என்பது இயற்கை விதி ஒன்றும் அல்ல. மனிதர் எழுதியது, மனிதர் மாற்றலாம். அதுவரை, இருக்கிற சட்டத்தைக் கொண்டுதான் நாம் காரியம் பார்க்க வேண்டும்.

இருக்கிற சட்டம் என்ன? 1967-ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு. நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளி, மீண்டும் வேலையில் அமர்த்தக் கோரி, வேலை செய்த இடத்துக்கு அருகிலுள்ள தொழிலியல் உறவு இலாகா அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுச் செய்யலாம். நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள். நோட்டீஸ் கொடுத்து நீக்கினால் நோட்டீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே மனுப் போடலாம். முடிந்த நாளிலிருந்து 60 நாள் வரை அவகாசம் உண்டு. சங்கத்தில் சேர்ந்தவரும் போடலாம், சேராதவரும் போடலாம். நம்மோடு மரம் சீவுகிற இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் போடலாம்; அவர்களை ஏசுவது மலாயில் என்பதைத் தவிர வேறு பேதம் இல்லை.

இந்த 60 நாள் ரப்பர் கயிறு அல்ல, இழுத்தால் நீள. இதைச் சொல்லும்போது ரப்பர்த் தொழிற்சாலை ஒன்றின் வழக்கையே சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபுங் கியோங் ரப்பர் தொழிற்சாலை வழக்கு என்று பெயர். 1981-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போது கெடு ஒரு மாதமே. கெடு தாண்டி வந்த மனுவை ஏற்க அதிகாரம் இல்லை, கெடு கட்டாயமானது என்று நீதிமன்றம் முடித்துவிட்டது. பிறகு சட்டத்தைத் திருத்தி 60 நாள் ஆக்கினார்களே தவிர, கட்டாயம் கட்டாயமாகவே நிற்கிறது. தூது போகிறவர் போகட்டும், சமாதானம் பேசுகிறவர் பேசட்டும், மனு முதலில் போய்ச் சேரட்டும். சமாதானம் ஏற்பட்டால் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஓடிப்போன நாளைத் திரும்பப் பெற முடியாது.

மனுப் போட்டதும் இலாகா இரு தரப்பையும் அழைத்துப் பேசும். அந்த மேசைக்கு வழக்கறிஞர் வர முடியாது. சங்க அதிகாரி தொழிலாளிக்குத் துணையாக வரலாம். அங்கே தீராவிட்டால் தொழிலியல் நீதிமன்றம். முன்பெல்லாம் வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்று அமைச்சர் முடிவு செய்வார். பல மனுக்கள் அந்த மேசையிலேயே உயிர் விட்டன. 2021 ஜனவரி முதல் அந்த வடிகட்டி இல்லை. இலாகாத் தலைவர் நேராக நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார். சங்கங்கள் நெடுங்காலம் முறையிட்ட குறை இது.

நீதிமன்றத்தில் என்ன பார்ப்பார்கள்? இங்கேதான் ஏசிய சொல்லுக்கு ஒரு மறைமுக விலை வருகிறது. கவனமாகப் படியுங்கள். 1981-லேயே, ஒரு நூல் கம்பெனி வழக்கில், ராஜா அஸ்லான் ஷா அவர்கள் எழுதிய தீர்ப்பு இன்றும் வழிகாட்டி. முதலாளி எந்தக் காரணத்தைச் சொல்லி நீக்கினாரோ அந்தக் காரணம் மெய்ப்பிக்கப்பட்டதா என்று பார்ப்பதே நீதிமன்றத்தின் வேலை. அது நிற்கவில்லை என்றால் நீக்கம் நியாயமற்றது. பிறகு வந்து வேறு காரணம் காட்ட முடியாது. ஆகவே பெரட்டில் நிர்வாகி கோபத்தில் கொட்டிய சொல்லை அன்றே எழுதி வைத்தால், அவர் மனத்தில் இருந்த காரணம் என்னவென்று அவர் வாயாலேயே வெளிப்படுகிறது. “சங்கக்காரனுக்கு இங்கே இடமில்லை” என்று கத்திவிட்டுக் கடிதத்தில் ‘வேலையில் கவனக் குறைவு’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஏச்சு நமக்குப் புண். ஆனால் எழுதி வைத்த ஏச்சு நமக்குச் சாட்சி.

கடிதமே கொடுக்காமல் ஏச்சோடு முடிக்கிற இடங்களும் இருக்கின்றன. “நாளையிலிருந்து வராதே” என்று சொல்லிவிட்டு, பிறகு, “நாங்கள் நீக்கவில்லை, அவனே வராமல் நின்றுவிட்டான்” என்பார்கள். இரண்டு வேலை நாளுக்கு மேல் தொடர்ந்து, விடுப்பும் இல்லாமல் தகவலும் இல்லாமல் வராதிருந்தால் ஒப்பந்தத்தை முறித்ததாகக் கொள்ள 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இடம் கொடுக்கிறது. இந்தப் பொறியில் விழுந்தவர்கள் ஏராளம். ஏசினாலும் மறுநாள் பெரட்டுக்குப் போங்கள். திருப்பி அனுப்பினால் அதையும் தேதி போட்டு எழுதுங்கள். “ராஜினாமாவில் கையெழுத்துப் போடு, இல்லையேல் போலீசுக்குப் போவேன்” என்று மிரட்டி வாங்கிய ராஜினாமாவும் வேலை நீக்கமே என்று தொழிலியல் நீதிமன்றம் பல முறை கண்டிருக்கிறது. ஆனால் மிரட்டியதைக் காட்ட வேண்டியவர் தொழிலாளி. ஏச்சுத் தாங்காமல் தானே விலகியவரும், ஒப்பந்தத்தின் அடிவேரையே முதலாளி அறுத்துவிட்டார் என்று மெய்ப்பித்தால், நீக்கப்பட்டவராகக் கருதப்படலாம். இது வழுக்கல் பாதை. சங்கத்தைக் கேட்காமல் கால் வைக்க வேண்டாம்.

இன்னொன்று. பதிலுக்குப் பதில் ஏசுவது. கையில் உளியும் தோளில் காண்டாவும் இருக்கிற நேரத்தில் தாயைப் பழித்தால் எவனுக்கும் இரத்தம் கொதிக்கும். ஆனால் அந்த ஒரு நிமிஷம் உளியை ஓங்கிவிட்டால், அதுவரை இல்லாத குற்றம் ஒன்று முதலாளியின் கைக்குக் கிடைத்துவிடும். ஆத்திரமூட்டினார்கள் என்பதை நீதிமன்றம் எடை போடும். ஆனால் தொழிலாளியும் தவறு செய்தார் என்று கண்டால், வழக்கில் வென்றாலும் அதற்கேற்பத் தொகையைக் குறைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.

வென்றால் என்ன கிடைக்கும்? மீண்டும் வேலை; அல்லது பிந்திய சம்பளமாக அதிகபட்சம் 24 மாதம். தகுதிகாண் காலத்தில் இருந்தவருக்கு 12 மாதம். வேலையைத் திருப்பித் தராவிட்டால் அதற்கு ஈடாக, சேவை செய்த ஆண்டு ஒன்றுக்கு ஒரு மாதச் சம்பளம் கணக்கிடுவது வழக்கம். 21 ஆண்டு மரம் சீவியவர் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்த அம்மா அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே வாய்ப்பில்லாமல் போயிற்று. நிச்சயம் வென்றிருப்பார் என்று நாம் சூடம் அணைக்க மாட்டோம்; ஆனால் விசாரணையே நடத்தாத நிர்வாகம், மழைக் காலத்து மெட்ரோலாக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்ன மெய்ப்பித்திருக்கும்?

இப்போது நாம் முக்கியமாகக் கருதும் சங்கதிக்கு வருகிறோம். அன்று அந்தக் குடும்பத்துக்கு மிகக் கேடு செய்த சொல் எது? பெரட்டில் ஒலித்த ‘திருட்டு முண்டம்’ அல்ல. நாம் மரியாதையாகக் கணினியில் அடித்த ‘சாலா லாக்கு’. ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவரைச் சாதாரணமாக நீக்குவதானால், ஒப்பந்தத்தில் வேறு கெடு இல்லாதபோது, எட்டு வார நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, அத்தகையவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் பணிமுடிவு நட்ட ஈடும் உண்டு. தவறான நடத்தை என்று எழுதிவிட்டால் இரண்டும் இல்லை என்று கை விரிக்கலாம். வாய்ச் சொல் காதைச் சுடும். இந்தச் சொல் உலைப் பானையைக் கவிழ்க்கும். ஆனால் சட்டம் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது: முறையான விசாரணைக்குப் பிறகே தவறான நடத்தைக்காக நீக்கலாம் என்கிறது வேலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. விசாரணைக்காக வேலையை நிறுத்தி வைத்தால் இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது, பாதிச் சம்பளமாவது கொடுக்க வேண்டும், குற்றமில்லை என்று தெரிந்தால் மீதியையும் கொடுத்தாக வேண்டும். கடிதம் கையில் வந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “விசாரணை எப்போது நடந்தது?” என்பதே.

அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டுதான் நாம் அம்மாவுக்காகத் தொழிலாளர் இலாகாவின் கதவைத் தட்டினோம். நோட்டீஸ் சம்பளத்துக்கும் நட்ட ஈட்டுக்கும் அங்கே கேட்க 60 நாள் கெடு இல்லை. விசாரணை தொடங்குமுன் நிர்வாகம் ஒரு தொகைக்கு இறங்கி வந்தது. பணம் வந்தது, வேலை வரவில்லை. குடும்பம் தோட்டத்தை விட்டுப் போய்விட்டது. இப்போது அவர் சிறு தோட்டக்காரர் ஒருவரிடம் பாதிக்குப் பாதி கணக்கில் மரம் சீவுகிறார்.

ஏச்சையே தனியாகப் பிடித்துக் கேள்வி கேட்க முடியாதா என்றால், முடியும். அது வேலை வழக்குக்கு வெளியே. வெறும் வசவுக்கும் பழி சுமத்தலுக்கும் சட்டத்தில் வித்தியாசம் உண்டு. ‘மூதேவி’ என்பது வசவு. அதற்கு அவதூறு வழக்கு நிற்பது கடினம். ‘பாலில் தண்ணீர் கலந்த திருடி’ என்பது பழி. 1957-ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, ஒருவரை அவர் செய்யும் தொழில் விஷயத்தில் தாழ்த்திப் பேசினால், பண நஷ்டத்தைத் தனியே காட்டத் தேவையில்லை என்கிறது. மூன்றாம் மனிதர் காதில் விழுந்திருக்க வேண்டும். பெரட்டில் நாற்பது காது இருந்தது. ஆனால் அது சிவில் வழக்கு. வழக்கறிஞர் கூலியை எண்ணிப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். நாற்பது பேரில் எத்தனை பேர் சாட்சிக்கு வருவார்கள் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

பெண்ணின் உடலையும் ஒழுக்கத்தையும் இழுத்து ஏசுவது வேறு வகை. அதற்கு இப்போது சட்டத்தின் பல் கூர்மையாகவே இருக்கிறது. 2016-இல் கூட்டரசு நீதிமன்றம், அலுவலகத்தில் மேலதிகாரியின் ஆபாசப் பேச்சுக்கு ஆளான ஒரு பெண்ணுக்கு 1,20,000 வெள்ளி கிடைத்த தீர்ப்பை உறுதி செய்தது. அந்த வழக்கின் உயிர் முழுக்கப் பேச்சுத்தான். அதன் பிறகு 2022-ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் வந்து, 2,50,000 வெள்ளி வரை நட்ட ஈடு விதிக்கக் கூடிய தனி நடுவர் மன்றமும் ஏற்பட்டிருக்கிறது. நம் பெண் தொழிலாளர் எத்தனை பேருக்கு இது தெரியும்? 2025 ஜூலையில் குற்றவியல் சட்டத்தில் சேர்ந்த புதிய பிரிவுகளின்படி, ஒருவருக்கு வேதனையோ அச்சமோ உண்டாக்கும் நோக்கத்தோடு மிரட்டியோ இழிவுபடுத்தியோ பேசுவது மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். போலீசில் புகார் கொடுக்கலாம். ஆனால் போலீஸ் புகார் வேலையைத் திருப்பித் தராது, 60 நாளையும் நிறுத்தி வைக்காது. இன்று லயத்தில் கைப்பேசி இல்லாதவர் யார்? ஏச்சைப் பதிவு செய்தவர்கள் அதைப் பத்திரமாக வைத்துச் சங்கத்திடம் காட்டுங்கள். வாட்சாப்பில் ஊரெங்கும் அனுப்பிவிட்டுப் பிறகு நீங்கள் கூண்டில் நிற்க வேண்டாம்.

துரைமாரை மட்டும் குறை சொல்லி இதை முடித்தால் அது பாதி உண்மை. 1941-இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நம்மவர் வேலை நிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் வைத்தார்கள்: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். வெள்ளைத் துரை முன்னால் மட்டுமல்ல, தோட்டத்து ஆசிய உத்தியோகஸ்தர் முன்னாலும்! கிராணியும் கண்டக்டரும் அதில் அடக்கம். பெண்களைத் தொல்லை செய்வது நிற்க வேண்டும், கொடுமைக்காரத் தண்டல்களை மாற்ற வேண்டும் என்றும் கேட்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் அவர்கள் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் மாண்டனர். மரியாதை கேட்டு உயிர் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அப்படியிருக்க, இன்று பெரட்டில் காதைப் பொத்த வைக்கும் தமிழ் வசவுகளில் பெரும் பங்கு யார் வாயிலிருந்து வருகிறது? நம் மண்டோர், நம் கண்டக்டர், சில சமயம் நம் கிராணி. மேலே வாங்கிய ஏச்சைக் கீழே இறக்கி வைக்கிறோம். அந்த நிர்வாகியும் தமிழர்தான் என்பதை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தோம்.

கிராணித் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நீக்கக் கடிதம் நம் கையால் அடிபட்டுத்தான் போகிறது. அதை அடிக்க மறுத்து வேலையை இழக்க யாரையும் நாம் கேட்கவில்லை. உறையைக் கொடுக்கும்போது, “அறுபது நாள், சங்கத்துக்குப் போங்கள்” என்று சொல்வதற்கு எந்தச் சட்டமும் தடை இல்லை. நாம் இப்போது சொல்கிறோம். முதல் முறை சொன்னபோது குரல் நடுங்கிற்று, இப்போது பழகிவிட்டது.

சட்டத்தைத் திருத்தவும் நாம் கேட்க வேண்டும். தொழிலியல் நீதிமன்றம் நியாயத்தையும் மனச்சாட்சியையும் வழக்கின் உள்ளடக்கத்தையும் பார்த்து, சட்ட நுணுக்கங்களுக்குக் கட்டுப்படாமல் தீர்ப்பளிக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. சொல்லிவிட்டு, அட்டவணையில் 24 மாதம் என்று கையைக் கட்டியும் வைத்திருக்கிறது. நீக்கிய விதத்துக்கும் ஒரு தொகை விதிக்க அந்த அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் போதும். அதற்கு நாடாளுமன்றம் மனம் வைக்க எத்தனை ஆண்டு ஆகுமோ! அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத காரியம் ஒன்று உண்டு. கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு விதி. வேலை நீக்கத்தைப் பெரட்டிலோ ஸ்டோரிலோ அறிவிக்கக் கூடாது; அலுவலகத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, சங்கப் பிரதிநிதி உடனிருக்க, தொழிலாளிக்குப் புரியும் மொழியில் காரணத்தை எழுதிக் கொடுத்து, மனுச் செய்யும் கெடுவையும் அதே தாளில் குறிப்பிட வேண்டும். இதனால் முதலாளிக்கு ஒரு காசு செலவில்லை.

நம் கிளை இதைத் தீர்மானமாக நிறைவேற்றித் தலைமையகத்துக்கு அனுப்பியிருக்கிறது. சிகாமட், லாபிஸ், கூலாய், கோத்தா திங்கி வட்டாரத்துக் கிளைகளும் அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்கு முன் கூடிப் பேசித் தத்தம் தீர்மானத்தை அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.